முழங்கால் உயரம்: சடக்கோரம் புல் வெட்டிய காலம்

1. வளைவில் லோரி நின்ற மறுநாள்

அன்று காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், எங்கள் கும்பலின் கங்காணியான மண்டோர் காளியப்பன் யார் பெயரையும் கூப்பிடவில்லை. வழக்கமாக அவர் ஆள் எடுக்கும் குரல் லயத்தின் கடைசி வீடு வரை கேட்கும். அன்று பாராங் கத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "பொம்பளைங்க யாரும் இன்னிக்கு மரத்துக்குள்ள போக வேணாம். எல்லாரும் சடக்குக்கு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். முந்தின நாள் மதியம் எங்கள் ரப்பர் தோட்டத்துப் பால் லோரியை, தார் ரோட்டுக்குப் போகும் சடக்கின் வளைவில் வைத்துச் சுட்டிருந்தார்கள். டிரைவருக்குத் தோளில் குண்டு. சிரம்பான் ஆஸ்பத்திரியில் கிடந்தார். லோரியின் பின்னால் நின்று பால் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் கெலிண்டான், ஓரக் கால்வாய்க்குள் குதித்துப் படுத்துத் தப்பித்தார். அந்தக் கெலிண்டான் முத்தையா என் கணவர். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு தீபாவளிகூட வரவில்லை.

அது அவசர காலம்; வெள்ளைக்கார அரசாங்கத்தை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்து சண்டை போட்ட நாட்கள். எங்கள் தோட்டம் சிரம்பானிலிருந்து கோலா கிளாவாங் போகிற மலைப்பாதைப் பக்கம். தோட்டத்து வாசலிலிருந்து ஒரு செம்மண் சடக்கு கிளம்பி, இரண்டு பக்கமும் புதர் மண்டிய காட்டோரமாகவே போய்த் தார் ரோட்டைத் தொடும். பால் லோரி, அரிசி லோரி, டாக்டர் கார் எல்லாம் அந்த ஒரே வழியில்தான். காட்டுக்குள் இருந்தவர்கள் புதருக்குப் பின்னால் உட்கார்ந்தால், கை நீட்டித் தொடுகிற தூரத்தில் லோரி போகும். அதனால் சடக்கின் இரண்டு பக்கமும் ஓர் இலைகூட நிற்கக் கூடாது என்று பட்டாளத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது.

நாங்கள் களையெடுக்கும் கும்பல். பால் மரங்களுக்கு நடுவில் புல் கொத்துவதுதான் எங்கள் வேலை. ஆனாலும் அன்று சடக்கில் இறங்கி நான் வெட்டிய வெட்டைப் பார்த்து, பக்கத்து நிரையில் நின்ற அந்தோணியம்மா பயந்துபோனாள்.

"ஏண்டி நாகம்மா, செடி மேல உனக்கு என்னடி கோவம்? மெதுவா வெட்டு. கையில போட்டுக்கப் போற."

"இதுக்குப் பின்னாலதானே ஒளிஞ்சிருந்தானுங்க" என்றேன். அவள் தன் நிரையை விட்டு வந்து என் பக்கத்திலேயே நின்று வெட்டினாள். அவள் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எனக்காகவும் முத்தையாவுக்காகவும் சேர்த்து ஜெபம் பண்ணிவிட்டு வந்து, அதைச் சொல்லவும் மாட்டாள்.

மண்டோரைப் பற்றி ஒரு வார்த்தை. காளியப்பனுக்குத் திட்டாமல் பேச வராது. அவர் திட்டினால் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று பொருள். அன்றும் அடுத்த சில நாட்களும் அவர் எங்களில் ஒருவரையும் திட்டவில்லை. எங்களுக்கு அதுதான் பயமாக இருந்தது.

2. மொட்டை

வளைவில் ஆரம்பித்துப் பாலம் வரை, பாலத்திலிருந்து தார் ரோடு வரை, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே போனோம். காவலுக்கு யூசோப் என்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிளைப் போட்டிருந்தார்கள். பக்கத்துக் கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்துப் பையன்; எங்கள் வயதுதான். மேட்டில் துப்பாக்கியோடு நிற்பான். தமிழ் பாதி, மலாய் பாதியாகப் பேசுவான். எங்களை எல்லாம் அக்கா என்பான்.

அந்தச் சடக்கோரத்தில் அதிகமாக இருந்தது, மலாய்க்காரர்கள் செண்டுடுக் என்று சொல்லும் புதர். ஊதாப் பூ பூக்கும். பழத்தைத் தின்றால் நாக்கு கறுத்துவிடும். தோட்டத்துப் பிள்ளைகள் நாக்கை நீட்டிக் காட்டி விளையாடுவார்கள். அந்தப் பூவில் பெரிய கருவண்டுகள் உட்காரும். உட்கார்ந்து உடம்பை உதறி 'உர்ர்' என்று ஒரு சத்தம் எழுப்பும். மகரந்தம் கொட்டுவதற்காக அப்படிச் செய்யும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். கீழே சின்னச் சின்ன மஞ்சள் பூக்களில் தேனீயும் கொசுத்தேனீயும் மொய்க்கும். நான் வெட்டினேன், அவை அடுத்த புதருக்குப் போயின. அதையும் வெட்டினேன்.

அப்போது ஒரு கூத்தும் நடந்தது. ஒரு புதரின் உள்கிளையில் கொம்புத் தேன் கூடு இருந்ததைப் பார்க்காமல் அந்தோணியம்மா கத்தியைப் போட்டுவிட்டாள். அவ்வளவுதான். "ஐயோ" என்று ஒரே அலறல். நாங்கள் கத்திகளைப் போட்டுவிட்டு ஓடினோம். மேட்டில் நின்ற யூசோப் எங்களைச் சுடுகிறார்கள் என்று நினைத்து வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்தான். வெடிச் சத்தம் கேட்டு எல்லோரும் கால்வாயில் படுத்தோம். தேனீக்கள் அங்கேயும் வந்தன. கடைசியில் மண்டோர், முகம் ஒரு பக்கம் வீங்கி, கண் மூடிப்போய் எழுந்து நின்று, "சுட்டது போதும்டா யூசோப்! இதுங்க துப்பாக்கிக்குப் பயப்படாதுலா!" என்று கத்தினார். அவர் எங்களைத் திட்டாமல் இருந்த நாட்கள் அத்தோடு முடிந்தன. எங்களுக்கும் உயிர் வந்தது.

வெட்டியதைக் காய வைத்து, ஓரத்தில் கிடந்த உளுத்த கட்டைகளையும் சேர்த்துக் குவித்து எரித்தோம். சடக்கு மொட்டைத் தலை மாதிரி ஆனது. முத்தையா லோரியில் போகும்போது இரண்டு பக்கமும் சிவப்பு மண் மட்டும் தெரிந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் மட்டும் கல் நிலம். அடியோடு வெட்டினால் கத்தி வாய் மழுங்கிவிடும் என்று மண்டோர் அங்கே முழங்கால் உயரத்தில் வெட்டச் சொல்லிவிட்டார். அது ஒரு சின்ன நேர்ச் சடக்கு. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

3. பிஞ்சு நிற்கவில்லை

லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, வாசலில் சோதனை வைத்திருந்த காலம். அரிசி அளந்துதான் கிடைக்கும். காட்டுக்காரர்களுக்குப் போய்விடும் என்று, வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோக விடமாட்டார்கள். பசியாறிவிட்டுப் போனால், திரும்பி வந்துதான் சாப்பாடு. அதனால் வேலிக்குள் வீட்டுக்கு வீடு பூசணியும் பாகலும் சுரையும் போட்டிருந்தோம். அரிசி குறைந்த நாளில் பூசணிக்காய்தான் வயிற்றை நிரப்பும்.

அந்த முறை கொடி நன்றாகப் படர்ந்தது. பூவும் பூத்தது. ஆனால் பிஞ்சு நிற்கவில்லை. விரல் பருமன் வந்ததும் மஞ்சளாகி, தொட்டால் கையோடு வந்தது. ஒரு வீட்டில் மட்டும் இல்லை, லயம் முழுக்க இதே கதை. கண்ணேறு என்று ஒருத்தி மிளகாய் சுற்றினாள். வேலிக் கம்பத்து விளக்கு வெளிச்சம்தான் காரணம் என்று இன்னொருத்தி சொன்னாள். நான் சாணி கரைத்து ஊற்றிப் பார்த்தேன். இலை பெரிதானதுதான் மிச்சம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தோணியம்மா கோயிலுக்குக் கிளம்பி நின்றவள், என் கொடியைப் பார்த்து அப்படியே குந்திவிட்டாள்.

"பூ விரிஞ்சு எவ்வளவு நேரமாச்சு?"

"விடிஞ்சதுமே விரிஞ்சிரும்."

"ஒரு ஈ உக்காரலையே, பாத்தியா?"

பார்த்தோம். எறும்பு மட்டும் ஊர்ந்தது. வெயில் ஏறி, பூ சுருங்குகிற வரை உட்கார்ந்திருந்தோம். ஒரு தேனீ வரவில்லை. ஒரு கருவண்டு வரவில்லை. அப்போதுதான் எனக்குச் சடக்கோரத்து அந்த 'உர்ர்' சத்தம் நினைவுக்கு வந்தது. அதைக் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

அந்தோணியம்மா முன்பு இருந்த தோட்டத்தின் பக்கத்தில் ஒரு சீனர் காய்கறி போட்டிருந்தாராம். மழைக்காலத்தில் அவர் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறாள். அடுத்த ஞாயிறு அதேபோல் ஒரு பூவில் செய்தோம். அந்தப் பிஞ்சு நின்றது. பக்கத்தில் தொடாமல் விட்டது விழுந்தது.

சரி, வழி தெரிந்துவிட்டது என்று சந்தோஷப்பட முடியவில்லை. பூ விரிந்திருக்கும் நேரத்தில் நாங்கள் பெரட்டில் நிற்க வேண்டும். திரும்பி வரும்போது பூ மூடியிருக்கும். விஷயத்தை மண்டோரிடம் சொன்னோம். "பூவுக்குக் கல்யாணம் பண்ணி வைக்க லீவு கேக்கற ஆளுங்கள இப்பத்தான் பாக்கிறேன்" என்று கத்தினார். மறுநாள் காலை அந்தோணியம்மா வேலைக்கு வந்து நின்றபோது, அவளைப் பார்த்து, "உனக்குத்தான் வயித்து வலியாச்சே, வீட்டுல இருந்துட்டு மெதுவா வரவேண்டியதுதானே?" என்றார். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஓடினாள். அதற்குப் பிறகு லயத்தில் தினம் ஒருத்திக்கு முறை வைத்து வயிற்றுவலி வந்தது.

யூசோப்பிடமும் கேட்டேன். தினமும் சடக்கையே பார்த்துக்கொண்டு நிற்பவன் அவன்தானே.

"கும்பாங் சுடா தாக் அடா, அக்கா" என்றான். கருவண்டு இல்லாமல் போய்விட்டது. "உளுத்த கட்டையிலதான் அது ஓட்டை போட்டு வீடு கட்டும். எங்க அப்பா வீட்டுத் தூண்லகூட ஓட்டை போட்டிருக்கு. இங்க கட்டை எல்லாம் நம்ம எரிச்சாச்சு."

4. லாலாங்

மழை பிடித்தது. மொட்டையாகக் கிடந்த சடக்கோரத்தில் லாலாங் புல் கிளம்பியது. நிழல் கொடுக்கிற செடி இருந்தவரை அது தலைகாட்டவில்லை. இப்போது வெயில் முழுக்க அதற்குத்தான். மண்ணுக்கடியில் வேர் ஓடி ஓடி, நாங்கள் வெட்ட வெட்டக் கூடிக்கொண்டே வந்தது. மரத்துக் களையெடுப்பும் நிற்கக் கூடாது, சடக்கும் பார்க்க வேண்டும் என்றால் இருக்கிற ஆள் போதவில்லை. ஒரு கோடியில் வெட்டி முடித்து மறுகோடிக்குப் போவதற்குள் வெட்டிய இடத்தில் ஆள் உயரம் நின்றது. பழைய புதரிலாவது இடைவெளியில் அந்தப் பக்கம் தெரியும். இது சுவர் மாதிரி நின்றது.

சின்னத் துரை மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்தார். தோட்ட மேனேஜருக்கு அடுத்த வெள்ளைக்காரப் பையன், வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான். தமிழ்ப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்ததால் எங்களோடு தமிழில்தான் பேசுவேன் என்று பிடிவாதமாக இருப்பார்.

"மண்டோர், இந்தப் புல் ஏன் என்னைவிட உயரம் இருக்கிறான்?"

"அவன் வளந்துட்டான் துரை" என்றார் மண்டோர், சிரிக்காமல்.

சின்னத் துரையும் சிரித்தார். பிறகு முகம் மாறி, பட்டாளத்து ஆபீசர் மருந்து அடிக்கச் சொல்கிறார் என்றார். மருந்து என்றால் லாலாங்குக்கு அடிக்கிற விஷம். எங்களுக்கு அது தெரியும். மரத்துக்குள் அடித்த ஒரு சமயம், அங்கே மேயப் போன அந்தோணியம்மாவின் பசு வாயில் நுரை தள்ளிச் செத்தது. சடக்கில் அடித்தால் கால்வாய்த் தண்ணீரில் இறங்கும். அந்தத் தண்ணீர் ஆற்றுக்குப் போகும். நாங்கள் துணி துவைப்பதும் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதும் அந்த ஆற்றில். தகரத்தை முதுகில் கட்டிக்கொண்டு அதை அடிக்கப் போவதும் நாங்கள்தான்.

சின்னத் துரைக்கும் அது பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. "வேறு வழி சொல்லுங்கள்" என்றார். உத்தரவாக அல்ல, கேட்கிற மாதிரியே கேட்டார்.

நான் பாலத்துக்கு இந்தப் பக்கம் கையைக் காட்டினேன். கல் நிலத்தில் முழங்கால் உயரத்தில் வெட்டி விட்டிருந்தோமே, அங்கே லாலாங் இல்லை. செண்டுடுக் குட்டையாகத் துளிர்த்து, ஒன்றோடொன்று நெருங்கி மண்ணை மூடியிருந்தது. பூவும் இருந்தது. ஒரு கருவண்டு அங்கே சுற்றிக்கொண்டிருந்ததை அந்தோணியம்மாதான் முதலில் பார்த்தாள். பார்த்ததும் அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

5. யூசோப் படுத்த இடம்

ஆபீசர் கவச வண்டியில் வந்தார். மீசை நரைக்க ஆரம்பித்த மனிதர். தன் ஆட்களில் சிலரைப் பறிகொடுத்தவர் என்று யூசோப் சொல்லியிருந்தான். சின்னத் துரை ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். இல்லை, இல்லை என்கிற தலையாட்டல்.

மண்டோர் என்னைப் பார்த்தார். "உனக்கு வாய் இருக்கில்ல? சொல்லு" என்றார்.

"துரை, வாயால சொன்னா யாருக்குத் தெரியும்? ஒரு ஆள படுக்க வச்சுப் பாருங்க. எங்க மறையுறான், எங்க மறையலன்னு தெரிஞ்சிரும்" என்றேன்.

சின்னத் துரை அதை ஆங்கிலத்தில் சொன்னார். ஆபீசர் யூசோப்பைக் கூப்பிட்டார்.

யூசோப் முதலில் லாலாங்குக்குள் போய்ப் படுத்தான். ஆபீசர் கவச வண்டியின் மேல் ஏறி நின்று பார்த்தார். சடக்கில் நடந்து பார்த்தார். யூசோப் எங்கே படுத்திருக்கிறான் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. "யூசோப்!" என்று கூப்பிட்டதும், ஆபீசரின் பூட்ஸுக்குப் பக்கத்திலிருந்து எழுந்தான். ஆபீசரின் முகத்தில் ரத்தம் இல்லை. அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியும். அவர் செத்துப்போன தன் ஆட்களை, நான் முத்தையாவை.

அடுத்துக் கல் நிலத்துக்குப் போனோம். யூசோப் முழங்கால் உயரச் செடிக்குள் படுத்தான். தலையை மறைத்தால் இடுப்பு தெரிந்தது. இடுப்பை இறக்கினால் துப்பாக்கி தெரிந்தது. எப்படிப் புரண்டாலும் காக்கி நிஜாரின் பின்பக்கம் பூவுக்கு மேலே எழுந்து நின்றது. முதலில் சிரித்தது யூசோப்பே. அப்புறம் நாங்கள். மண்டோர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

ஆபீசர் சிரிக்கவில்லை. ஒரு கேள்வி கேட்டார். சின்னத் துரை அதைத் தமிழில் சொல்லத் தயங்கினார். பிறகு சொன்னார்:

"செடி விட்டால், லோரியில் ஒரு மனிதர் செத்தால், யார் பதில் சொல்வது என்று கேட்கிறார்."

"அந்த லோரியில நிக்கிற கெலிண்டான் என் வீட்டுக்காரரு, துரை" என்றேன்.

சின்னத் துரை அதை அவருக்குச் சொன்னார். ஆபீசர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். வண்டியின் பக்கத்தில் நின்று இருவரும் வெகுநேரம் பேசினார்கள்.

கடைசியில் கிடைத்தது பாதிதான். வளைவைத் தவிர நேர்ச் சடக்கு முழுக்க மருந்து இல்லை. லாலாங்கை மண்வெட்டியால் வேரோடு தோண்டிவிட்டு, மற்றதை முழங்கால் உயரத்தில் வெட்டலாம். முழங்காலுக்கு மேலே போனால் அன்றோடு சலுகை முடிந்தது. வளைவில் மட்டும் பேச்சே இல்லை. அங்கே வெறும் மண்தான், எப்போதும். அதற்கு நானும் மறுப்புச் சொல்லவில்லை.

6. முத்தையா

வீட்டுக்கு வருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. முத்தையா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"உன் பூசணிக்காய்க்கு என் தலையா நாகம்மா?"

அடுப்பைப் பற்ற வைத்தேன். தட்டில் சோறு வைத்தேன். அதில் அந்தோணியம்மா கொடுத்த பூசணிக் கூட்டும் இருந்தது. அவர் அதைத் தொடாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். கல்யாணமானதிலிருந்து அப்படி ஒரு நாள் இல்லை.

லாலாங்கைத் தோண்டி முடித்த மறுநாள் லோரி எங்களைக் கடந்தபோது, அவர் மேலே பால் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனார். திரும்பி வரும்போதும் அப்படித்தான். சாயங்காலம் வந்து முகம் கழுவிவிட்டு, "மேல நின்னு பாத்தா மண்ணு வரைக்கும் தெரியுதுலா. லாலாங் இருந்தப்ப ஒண்ணுமே தெரியாது" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டே, "ஆனா வளைவுல ஒரு செடி விடாத" என்றார்.

அதிலிருந்து எங்கள் வேலைக்கு அவர்தான் இன்ஸ்பெக்டர். லோரி ஓட்டத்திலேயே, "ஏய் நாகம்மா, பாலத்துக்கிட்ட இடுப்பு வந்திருச்சு!" என்று கத்துவார். அந்த இடத்துக்கு ஓடுவோம். இரண்டு பக்கத்தையும் ஒரே சமயத்தில் வெட்ட ஆள் போதாது. அதனால் இந்தப் பக்கம் வெட்டினால், அது துளிர்த்துப் பூக்கிற வரை அந்தப் பக்கத்தில் கை வைக்க மாட்டோம். ஆள் பற்றாக்குறைக்குச் செய்த ஏற்பாடு அது. ஆனால் அதனால் எப்போதும் ஏதாவது ஒரு பக்கம் பூ இருந்தது. மண்டோர் உளுத்த கட்டை சிலதை லயத்துக்குத் தூக்கி வரச் சொல்லி, பாகல் பந்தலுக்குக் காலாக நட்டார். கருவண்டு அதில் ஓட்டை போட்டபோது, "என் பந்தல விழுத்தாட்டப் போகுது சனியன்" என்று திட்டினார். அவர் திட்டினால் என்ன பொருள் என்று சொன்னேனே.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. அந்தோணியம்மாவின் வயிற்றுவலி இன்னும் பல மாதம் இருந்தது. பிறகு ஒரு காலை, நாங்கள் யாரும் தொடாத பூவில் பிஞ்சு நின்றது. அப்புறம் பக்கத்து வீட்டில். அப்புறம் லயம் முழுக்க.

திரும்பி வராததும் உண்டு. வளைவு மேட்டில் மூங்கில் இலை மாதிரி இலையும் வெளிர் ஊதாப் பூவும் உள்ள ஒரு செடி நின்றது. கல்யாணத்துக்கு முன்னால் முத்தையா லோரியிலிருந்து என் பக்கம் எறிந்துவிட்டுப் போவது அந்தப் பூவைத்தான். வளைவை வெட்டியபோது அதுவும் போனது. அவசர காலம் முடிந்து வளைவைக் காட்டுக்கே விட்ட பிறகும் அது அங்கே முளைக்கவில்லை. தேடிப் பார்த்தோம், இரண்டு பேருமாக.

7. புல் வெட்டுகிறவர்களுக்கு

காளியப்பனுக்குப் பிறகு நான் மண்டோரானேன். இப்போது சிரம்பான் லோபாக்கில் மகன் வீட்டில் இருக்கிறேன். வீட்டுக்கு முன்னால் ரோட்டோரம் புல் வெட்ட, தோளில் மெஷினை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் சிலதைச் சொல்வேன். ரோட்டின் இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் வெட்டாதே. பூத்திருந்தால், முடிந்தால் பூ உதிர்ந்தபின் வா. மண்ணைச் சுரண்டாதே, சுரண்டினால் உனக்கே வேலை கூடும். வண்டி திரும்புகிற முனையில் மட்டும் ஒட்ட வெட்டு. அங்கே மனித உயிர்தான் முதல்.

"இப்படி விட்டுட்டா வேலை கம்மிதானே பாட்டி?" என்று ஒருவன் கேட்டான்.

இல்லை. ஒட்ட வெட்டிவிட்டால் தோளைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். விட்டு வைத்தால் அது எவ்வளவு வளர்ந்தது, இன்று யாராவது அதில் ஒளிய முடியுமா என்று நாள்தோறும் போய்ப் பார்க்க வேண்டும். அவசர காலம் முடிகிற வரை, பால் லோரி அந்த நேர்ச் சடக்கைத் தாண்டுகிற ஒவ்வொரு மதியமும் நான் கத்தியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்து நின்றேன். லோரி பாலத்தில் ஏறுகிற பலகைச் சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்த செடியைத் தொடுவேன்.